கரைக் கணக்கு – 9: தள்ளுபடியா, பங்கா?

2021 சட்டமன்றத் தேர்தலின்போது தமிழ்நாட்டுக் கடற்கரைக் குப்பங்களுக்கு இரண்டு வாக்குறுதிகள் ஒரே வேனில் வந்து இறங்கின. ஒன்று கல்விக்கடன் தள்ளுபடி. 30 வயதுக்கு உட்பட்டவர்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாக தி.மு.க. சொன்னது, அ.தி.மு.க.வும் கல்விக்கடன் ரத்தைத் தன் பட்டியலில் வைத்திருந்தது. இன்னொன்று, குடும்பத் தலைவிக்கு மாதாமாதம் பணம். தி.மு.க. 1,000 என்றால் அ.தி.மு.க. 1,500. வென்ற தி.மு.க. இரண்டாவதைக் கொடுத்தது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களின் வங்கிக் கணக்குக்குப் போனது. கல்விக்கடன் தள்ளுபடி அப்படி எந்த மேடைக்கும் வரவில்லை.

ஏன் ஒன்று வந்தது, மற்றது வரவில்லை என்பதற்கு நிர்வாகக் காரணம் எளிது. கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனையும் நகைக்கடனையும் மாநில அரசு தள்ளுபடி செய்யலாம். சங்கம் அதன் கைக்குள் இருக்கிறது. கல்விக்கடனில் பெரும்பகுதி பொதுத்துறை வங்கிகளுடையது. மாநில அரசு 'தள்ளுபடி' என்று சொன்னால், அந்தத் தொகையை வங்கிக்குத் தானே எண்ணி வைக்க வேண்டும். எனக்கு அதைவிட வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. இரண்டும் வந்திருந்தால், எது நியாயம்?

சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவே மணல். அங்கே ஒரு தெருவில் அடுத்தடுத்து மூன்று வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவை கற்பனை வீடுகள்தான். ஆனால் எந்தக் குப்பத்திலும் இப்படி மூன்று வீடுகளைத் தேடிச் சிரமப்பட வேண்டியதில்லை. முதல் வீட்டுப் பையன் தனியார் கல்லூரியில் பொறியியல் படித்தான். வங்கியில் நான்கு லட்சம் கல்விக்கடன். இரண்டாவது வீட்டுப் பெண் நர்சிங் படித்தாள். வங்கிக்கு அலைந்து சலித்த அப்பா, நகையை அடகுக்கடையில் வைத்தார், போதாததற்கு மீன் ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்கினார். மூன்றாவது வீட்டுப் பையன் பன்னிரண்டாம் வகுப்போடு நின்று ஃபைபர் படகில் ஆளாகப் போய்விட்டான்.

கல்விக்கடன் தள்ளுபடி வந்தால் முதல் வீட்டில் மட்டும் விடியும். இரண்டாவது வீட்டுக் கடனும் கல்விக்காக வாங்கியதே. ஆனால் ஏஜென்ட் கடனுக்குப் பத்திரம் கிடையாது. என்ஜினுக்கோ வலைக்கோ மகள் படிப்புக்கோ ஏஜென்ட் பணம் கொடுத்தால், கரைக்கு வரும் மீன் அவருக்கே போக வேண்டும். எடை போடுவதும் அவர், விலை சொல்வதும் அவர், கமிஷன் பிடிப்பதும் அவர். வட்டி என்ற பெயரே அங்கே எழாது. அது மீன் விலைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். இந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய எந்த அரசாணையாலும் ஆகாது. மூன்றாவது வீட்டுக்காரனோ கடனே வாங்கவில்லை, அதனால் தள்ளுபடிக்கும் ஆளில்லை. படிக்காமல் விட்ட ஆண்டுகளுக்கு எந்த வங்கியிலும் கணக்கு கிடையாது.

அமெரிக்காவில் கல்விக்கடன் தள்ளுபடிச் சண்டை நீதிமன்றம் வரை போனது. 2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் தலைக்குப் பத்தாயிரம் டாலர் வரை, ஏழை மாணவருக்கான உதவித்தொகை பெற்றவர்களுக்கு இருபதாயிரம் வரை கல்விக்கடனை ரத்து செய்வதாக அறிவித்தார். 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதை நிறுத்திவிட்டது. கல்லூரிப் பக்கமே போகாத குழாய்ப் பணியாளரின் வரிப்பணத்தில் வக்கீல் படித்தவரின் கடனைத் தீர்ப்பதா என்று அங்கே கேட்டார்கள். நம் மூன்றாவது வீட்டுப் பையனும் கேட்கலாம். அவனும் வரி கட்டுகிறான்: பெட்ரோலில், சோப்பில், செல்போன் ரீசார்ஜில். டாஸ்மாக்கைச் சொல்லவே வேண்டாம்.

இதில் எல்லோர் வாயிலும் முதலில் வரும் கேள்வி எனக்கு அவ்வளவு கனமாகத் தோன்றவில்லை. "ஒழுங்கா கட்டினவன் ஏமாளியா?" என்பார்கள். கடலிலிருந்தே ஓர் உதாரணம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தக் காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த நிவாரணம் 8,000 ஆக உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். ஐயாயிரம் வாங்கிய ஆண்டுகளெல்லாம் ஏமாந்த ஆண்டுகள் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. நேற்றைக்கு ஒருவர் பட்ட பாட்டை நாளைக்கும் இன்னொருவர் படட்டும் என்பது நியாயமே இல்லை.

கனமான கேள்வி தேதியில் இருக்கிறது. 2021-ல் ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடிக்கு, அந்த ஆண்டு மார்ச் 31 வரை வைத்த நகைதான் கணக்கு. மார்ச் முதல் வாரத்தில் அரும்பாடுபட்டு நகையை மீட்டவருக்கு ஒன்றுமில்லை. ஒரே ஆள் பல சங்கங்களில் நகை வைத்ததும் ஆய்வில் வெளிவந்தது. கடைசியில் லட்சக்கணக்கான கடன்கள் தகுதியில்லாதவை என்று கழிக்கப்பட்டன. தள்ளுபடி என்பது ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த தேர்தல் வரை கட்டாமல் இருந்து பார்ப்போம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அதற்கு மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அரசே சொல்லிக் கொடுத்த பாடம் அது.

இருந்தாலும் முதல் வீட்டை அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியவில்லை. நான்கு லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்று போட்டுப் பார்த்தால் மாதம் சுமார் 6,640 ரூபாய் வருகிறது. ஊருக்கு ஊர் பொறியியல் கல்லூரி திறந்து, படித்தால் வேலை என்று சொல்லி அனுப்பியதில் அரசுக்கும் பங்குண்டு. வேலை கிடைக்காத பட்டத்துக்கும் அந்தப் பையன் அதே 6,640-ஐக் கட்ட வேண்டும். கல்விக்கடனில் பெற்றோரும் கூட்டுக் கடனாளி. பையன் தவணை தவறினால் அப்பாவின் கடன் நம்பகத்தைச் சொல்லும் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். அவர் என்ஜின் வாங்க வங்கிக்குப் போனால் கதவு சாத்தப்படும். மறுபடி ஏஜென்ட் வீட்டு வாசல்தான். 2016-ல் மதுரையில் பொறியியல் முடித்த இளைஞர் ஒருவர், கடன் வசூல் நெருக்கடிக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய கடனை வசூலிக்கும் பொறுப்பை வங்கி ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது.

இந்த வீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்பது தவணையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. எல்லோருக்கும் நிபந்தனையின்றிப் பணம் என்ற அடிப்படை வருமானம் பேசுவோர் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் இடம் இது. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில் ஒன்றிய அரசின் அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் அடிப்படை வருமானத்துக்கு ஒரு முழு அத்தியாயமே ஒதுக்கினார். அவர் போட்ட தொகை ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய், அதாவது மாதம் 635. பசியைத் தள்ளிவைக்க அது போதலாம். கடன்காரனைத் தள்ளிவைக்காது.

அப்படியானால் மாதப் பணத்தின் நியாயம் எங்கே இருக்கிறது? அதைப் பழவேற்காடு ஏரியிலேயே பார்க்கலாம்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் இறால் நிறைய விழும். எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. முந்தினவனுக்கே நல்ல இடம் என்று விட்டால் தினமும் வெட்டுக்குத்துதான். அதனால் ஊர் கூடித் தலைக்கட்டு, அதாவது குடும்பம், எண்ணி, சீட்டுக் குலுக்கி, எந்தக் குழு எங்கே வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை சுமாரான இடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் இறால் பிடிக்கும் கத்தோலிக்க மீனவர்களிடமும் இதே மாதிரி முறை உண்டு. கொச்சிக் காயலிலும் உண்டு.

பாடு யாருடைய கடனையும் மன்னிப்பதில்லை. ஏழையா, வசதியா என்று விசாரிப்பதும் இல்லை. நீ இந்த ஊர்த் தலைக்கட்டா, உனக்கு ஒரு முறை உண்டு, அவ்வளவுதான். யாரும் யாருக்கும் கும்பிடு போட்டு வாங்க வேண்டியதில்லை. ஏரி எல்லோருக்கும் பொது என்பதால் வரும் பங்கு அது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் 1982-லிருந்து எண்ணெய் வருமான நிதியிலிருந்து குழந்தைகள் உட்பட ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் ஆண்டுதோறும் கொடுக்கும் பணத்தின் தர்க்கமும் இதுவே.

ஆனால் பாடு முறையைப் புகழ்ந்து கொண்டாடிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அது பட்டினவர் சமூகத்தின் முறை. அந்த மூன்று ஊர்களுக்கு வெளியே ஏரியை நம்பியிருக்கும் குப்பங்களுக்கு அதில் இடமில்லை. அதனால் மூண்ட தகராறுகள் கொஞ்சமல்ல. சேற்றில் உட்கார்ந்து கையால் இறால் தடவும் இருளருக்கு எந்தச் சீட்டிலும் பெயரில்லை. தலைக்கட்டு என்றால் ஆண். மீனைக் கூடையில் சுமந்து விற்று வீட்டை நடத்தும் பெண்ணுக்கு ஏரியில் தனிப் பங்கு கிடையாது. 'எல்லோருக்கும்' என்று சொல்லும் எந்த ஏற்பாட்டிலும் அந்த எல்லோர் யார் என்று ஒருவர் உட்கார்ந்து வேலி கட்டிக்கொண்டிருப்பார்.

உரிமைத் தொகையும் விதிவிலக்கல்ல. தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்கள் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல். ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் கழிக்கப்பட்டார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது, மின்சாரம் 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது, ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண். மூன்று மருமகள்கள் ஒரே கூரையில் ஒரே மீட்டரில் வாழும் வீடுகளை இந்த விதி எழுதியவர் நினைத்திருப்பாரா தெரியவில்லை. ஆனாலும் பாடு முறையில் ஒருபோதும் எண்ணப்படாத பெண்ணின் பெயரில் பணம் வந்தது சின்ன விஷயமில்லை. நம் மூன்று வீடுகளில் மூன்றுக்கும் போகக்கூடியது அதுதான்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசு கையில் ஒரே ஒரு தொகை இருந்து, எது முதலில் என்று கேட்டால் நான் பங்கின் பக்கம். கல்விக்கடனுக்கு மொத்தத் தள்ளுபடி வேண்டாம். தவணையை வருமானத்தோடு பிணைத்துவிட்டால் போதும். ஆஸ்திரேலியா 1989-லேயே அதைச் செய்தது. பிரிட்டனில் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் ஒன்பது சதவீதம்தான் பிடித்தம். வரம்புக்குக் கீழே இருந்தால் ஒன்றும் இல்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகும் மிச்சமிருந்தால் அது ரத்து. வருமானத்தை மறைப்பவர் அதிகமுள்ள நம் நாட்டில் இது கஷ்டம் என்பார்கள். கஷ்டம்தான். ஆனால் சம்பளத்தில் வரி பிடிக்கத் தெரிந்த அரசுக்கு இதுவும் முடியும். அப்பாவின் சிபிலை இதிலிருந்து அவிழ்த்துவிடுவதற்குக் காசுகூடச் செலவில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

பங்குக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் இருந்த ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் என்றாலே ஆண்டுக்கு 12,700 கோடி ரூபாய்க்கு மேல். இதை மாநில கஜானா மட்டும் எவ்வளவு காலம் தாங்கும் என்ற கவலை நியாயமானது. ஆனால் லைட்ஹவுஸ் குப்பத்துக்குத் தெற்கே கரையோரமாகப் போய்ப் பாருங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகம், அதையடுத்து எண்ணூரில் காமராஜர் துறைமுகம், வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம். காட்டுப்பள்ளியை 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்துக்கு 2023 செப்டம்பர் 5 அன்று நடக்கவிருந்த பொது விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. விரிவாக்கமே கூடாது என்பது மீனவர் சங்கங்களின் நிலைப்பாடு. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்ட துறைமுகங்களும் மின் நிலையங்களும் இந்தக் கரையையும் கழிமுகத்தையும் பயன்படுத்துவதற்கு, கரையில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் ஒரு பங்கு என்று எந்த அரசும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. பட்டினவர், இருளர், முஸ்லிம், ஆண், பெண் என்ற கணக்கில்லாமல் தலைக்கு ஒன்று. துறைமுகக்காரர்கள் குப்பத்துக்குக் கொடுக்க முன்வந்தது பங்கு அல்ல, வேலை. அதுவும் ஒப்பந்த வேலை.

அந்த வேலைகளின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)