குளிர்காலத்தில் பம்பு எஞ்சின் புறப்படாமைக்குக் காரணங்களும் பரிகாரங்களும்

நீலகிரி மலையில் உதகமண்டலத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகள் கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் இருப்பவை. அங்கே மார்கழி, தை மாதங்களில், வானம் தெளிந்து காற்றடங்கிய இரவுகளில் உறைபனி விழுகிறது. உருளைக்கிழங்கு முதலிய பயிர்களின் இலைகள் ஓரிரவிலேயே கருகிவிடுவதுண்டு. இச்சேதத்தைக் குறைக்கும் பொருட்டு, விடியுமுன் பம்பு எஞ்சினை ஓட்டி, ஸ்பிரிங்க்ளர் மூலம் பயிரின்மேல் நீர் தெளிப்பது வழக்கம். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பமே இலைகளைக் காக்கிறது. ஆதலால் தெளிப்பு இடைவிடாமல் நடைபெற வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றுவிடுமாயின், நனைந்த இலைகளிலிருந்து ஈரம் ஆவியாகி அவற்றை மேலும் குளிரச் செய்யும்; தெளிக்காமலே விட்ட பயிரைக் காட்டிலும் சேதம் அதிகப்படவுங் கூடும்.

எனவே, எஞ்சின் குளிரில் தடையின்றிப் புறப்படுவதும், புறப்பட்ட பின் நில்லாது ஓடுவதும் இங்கே அற்ப விஷயங்கள் அல்ல. இக்கோளாறுகளுக்குப் பெரும்பாலும் காரணம் எஞ்சினின் தேய்மானம் அன்று. முந்திய முறை அது நிறுத்தப்பட்ட விதமும், அதில் தங்கிய பெட்ரோலின் நிலையுமே ஆகும்.

குளிரும் உயரமும் செய்யும் மாறுதல்

நான்கு ஸ்ட்ரோக்கு எஞ்சினில் பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்தே எரிகிறது. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று என்பது சாதாரணக் கலவை. கார்புரேட்டரின் வேலை இக்கலவையைத் தயாரிப்பதே. கடுங்குளிரில் பெட்ரோலின் ஒரு சிறு பகுதியே ஆவியாகிறது. அக்குறையை ஈடு செய்யவே, சோக்கை மூடிக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலை அதிகமாக இழுக்கச் செய்கிறோம். மேலும், குளிரில் எண்ணெய் தடித்துவிடுவதால் கயிற்றை இழுக்கும் வேகம் குறைகிறது. வேகம் குறையவே தீப்பொறியும் பலவீனப்படுகிறது.

உயரத்தின் விளைவு இதற்கு நேர்மாறானது. உதகமண்டலத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிடக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு தாழ்ந்திருக்கிறது. சமவெளிக்கென அமைந்த ஜெட் அங்கே காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் கொடுக்கும். ஆகவே மலையிலுள்ள எஞ்சின், குளிர்ந்திருக்கையில் பெட்ரோல் ஆவி போதாமலும், சூடான பின் பெட்ரோல் மிகுந்தும் வருந்துகிறது. இதை அறியாது கார்புரேட்டர் திருகாணியைத் திருப்புவோர் ஒரு நோயைப் போக்க மற்றொன்றை வளர்ப்பவராவர்.

பிளக்கைப் பார்த்து அறிதல்

ஐந்தாறு முறை இழுத்தும் எஞ்சின் புறப்படாவிடில், மேலும் இழுக்காமல் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும்.

பிளக் உலர்ந்திருந்தால், பெட்ரோல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை என்பது தெளிவு. பெட்ரோல் டாப்பு திறந்திருக்கிறதா, டாங்கி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா, வடிகட்டியில் அழுக்கோ நீரோ தங்கியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கவும். பின்னர், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலுள்ள வடிதிருகாணியைத் தளர்த்திப் பெட்ரோல் ஒழுகுகிறதா எனக் காணவும்.

பிளக் நனைந்திருந்தால், பெட்ரோல் மிகுதியாகிவிட்டது. அல்லது தீப்பொறி இல்லை. பிளக்கைத் துடைத்து உலர்த்தி, அதன் முனைகளின் இடைவெளியைக் கைப்புத்தகப்படி அமைக்கவும். சிறு எஞ்சின்கள் பலவற்றில் இது 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். டாப்பை மூடி, சோக்கையும் வேகக் கைப்பிடியையும் முழுதும் திறந்து, சில முறை இழுத்து மிகுந்த பெட்ரோலை வெளியேற்றிய பின் பிளக்கை மாட்டவும். தீப்பொறியைச் சோதிக்கும்போது பிளக்கை அதன் துளைக்கு அருகில் பிடிக்கலாகாது. துளையிலிருந்து வெளிவரும் ஆவி பற்றிக்கொள்ளும்.

தீப்பொறி அடியோடு இல்லையெனில், எஞ்சின் சரிவில் வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் நோக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் தீப்பொறியைத் தானே துண்டிக்கும் அமைப்பு இக்கால எஞ்சின்கள் பலவற்றில் உண்டு. எஞ்சின் சாய்ந்திருந்தால், எண்ணெய் போதுமான அளவு இருந்தும் அவ்வமைப்பு வேலை செய்துவிடும். மலைக்கழனிகளில் இது எளிதில் நேரக்கூடிய கோளாறு. சமதளமான மேடையே இதற்குப் பரிகாரம்.

புறப்பட்ட பின் நின்றுபோதல்

சோக்கு மூடியிருக்கும் வரை ஓடி, அதைத் திறந்தவுடன் நின்றுவிடும் எஞ்சினில், பட்டறைகளில் ஐட்லிங் எனப்படும் மெதுவோட்டத்திற்குரிய ஜெட் அடைபட்டிருத்தல் கூடும். அதன் துளை மிகவும் நுண்ணியது. நாட்பட்ட பெட்ரோல் ஆவியாகி விட்டுச்சென்ற பிசின் அதை எளிதில் அடைக்கும். கிண்ணத்தையும் ஜெட்டுகளையும் கழற்றி, கார்புரேட்டர் கழுவும் திரவத்தால் சுத்தஞ் செய்து, காற்றூதித் துப்புரவாக்குக. கம்பியையோ ஊசியையோ நுழைத்தால் துளை பெரிதாகிவிடும். பின் எத்திருகாணியாலும் அதைச் சரிப்படுத்த முடியாது. கலவைத் திருகாணியை எடுக்குமுன், அதை மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்வது அவசியம்.

ஓட்டம் ஏறி இறங்கி அலைந்தால் பெட்ரோல் போதவில்லை. ஜெட் அடைப்போ, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையேயுள்ள காஸ்கெட்டில் காற்றுக் கசிவோ காரணமாகலாம். கரும்புகையுடன் திணறி ஓடினால் பெட்ரோல் மிகுதி. காற்று வடிகட்டியின் அழுக்கையும், முழுதும் திறவாத சோக்கையும் முதலில் கவனிக்கவும். இவை சரியாயிருந்தும் புகை நீங்காவிடில், உயரமான இடங்களுக்கென உற்பத்தியாளர் தரும் சிறிய ஜெட்டைப் பொருத்தலாம். ஆனால் அவ்வெஞ்சினை மேட்டுப்பாளையம் போன்ற சமவெளிக்கு இறக்கினால் பழைய ஜெட்டை மறுபடி மாட்ட வேண்டும். இல்லையேல் பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

மூடுபனிக் காலையில் நன்றாகப் புறப்பட்டுச் சில நிமிஷங்களில் நின்று, சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடும் எஞ்சினில், பெரும்பாலும் கார்புரேட்டரின் தொண்டையில் பனிக்கட்டி கட்டியிருக்கும். பெட்ரோல் ஆவியாகும்போது அவ்விடம் மிகக் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் உறைவதே இதன் காரணம். சுமையேற்றுமுன் சில நிமிஷம் மித வேகத்தில் ஓட்டிச் சூடாக்கினால் இது குறையும். ஆயினும் குளிருக்கஞ்சி, மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது, உயிரைப் போக்கவல்லது. எஞ்சினை நெருப்பு மூட்டிச் சூடாக்குவதும் பெரும் அபாயம்.

முன்னேற்பாடுகள்

பெட்ரோலில் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினை, நிறுத்துவதற்குச் சில நிமிஷம் முன்பே பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிடில் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கும். அது குளிரில் ஆவியாகாது, எஞ்சின் மறுநாட்காலையில் புறப்படாது.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீருடன் பிரிந்து அடியில் தங்கும். ஆதலால் பெட்ரோலை இறுக மூடிய கலத்தில் வைத்து, ஒரு மாதத்திற்குள் செலவழிப்பது நலம். சில வாரம் ஓட்டாதிருக்க நேரின், டாப்பை மூடி எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டி, எஞ்சிய பெட்ரோலையும் கிண்ணத்திலிருந்து வடித்துவிடுக. எண்ணெய், கைப்புத்தகம் அனுமதிப்பின், குளிரில் அதிகம் தடிக்காத 10டபிள்யூ-30 வகையாக இருத்தல் நலம்.

உறைபனி விழுமென்று தோன்றும் நாளில், மாலையிலேயே எஞ்சினை ஒருமுறை புறப்படச் செய்து, சூடாகும்வரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் அரை மணியில் தீரும் கோளாறு, விடியற்காலை இருளில் பயிரையே பலிகொள்ளும்.

பலர் சேர்ந்து வாங்கிய எஞ்சின் உள்ள கிராமங்களில், ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, ஓடிய மணிகள், எண்ணெய் மாற்றிய தேதி, பெட்ரோல் வாங்கிய தேதி, எஞ்சினைக் கடைசியாக நிறுத்தியவர் பெயர் ஆகியவற்றை எழுதச் செய்வது கிராம அதிகாரிகள் செய்யத்தக்க உதவியாகும். கோளாறு நேரும்போது காரணத்தை யூகிக்க வேண்டியதில்லை. புத்தகத்தைப் புரட்டினால் போதும்.