மானிப்பாய் டாக்டர்

"மனுஷ அங்காதிபாதம்", "மனுஷ சுகரணம்", "இரண வைத்தியம்" - இந்தப் பெயர்களைக் கேட்டதும், ஓலைச்சுவடியிலிருந்து யாரோ தேடி எடுத்த பழைய சித்த வைத்திய நூல்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றும் மேல்நாட்டுக் கல்லூரிகளில் மாணவர்கள் படித்த அசல் இங்கிலீஷ் வைத்தியப் புத்தகங்களின் தமிழ் வடிவங்கள். முதலாவது, இன்றைக்கும் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் சுமந்துகொண்டு திரிகிறார்களே, அந்தக் "கிரே"யின் உடற்கூறு நூல். லண்டனில் அது வெளிவந்தது 1858-ல். தமிழில் வந்தது 1872-ல். நடுவில் பதினாலே வருஷம்!

இதைச் செய்தவர் மயிலாப்பூர்ப் பண்டிதரும் அல்ல, மதுரைப் புலவரும் அல்ல. சாமுவேல் பிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர். தமிழ் அவருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட பாஷை.

கிரீன் 1822-ல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் வூஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். நியூயார்க்கில் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்றவருக்குச் சொந்த தேசத்திலேயே நல்ல வாழ்வு காத்திருந்தது. ஆனால் 1847-ல் அமெரிக்க மிஷனில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். அப்போது சூயஸ் கால்வாய் வெட்டப்படவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். மாதக் கணக்கில் கடலில் மிதந்து, அந்த வருஷம் அக்டோபரில் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு வருஷம் மானிப்பாய் கிராமத்தில் வைத்தியசாலை அமைத்துக்கொண்டார்.

அந்த மண்ணுக்கு வந்த முதல் அமெரிக்க டாக்டர் அவர் அல்ல. 1820 முதலே பண்டத்தரிப்பில் டாக்டர் ஜான் ஸ்கடர் வைத்தியம் பார்த்து வந்தார். 1836-ல் அவர் நம் சென்னைக்குக் குடிபெயர்ந்து விட்டார். "ஸ்கடர்" என்றதும் உங்களுக்கு வேலூர் நினைவுக்கு வருகிறதல்லவா? அந்தக் குடும்பம்தான். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குடை பிடித்த கொள்ளை நோய்

அந்தக் காலத்து டாக்டரின் கையில் என்ன இருந்தது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஈதர் கொடுத்து மயக்கி அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று பாஸ்டன் நகரில் நிரூபித்துக் காட்டியது 1846-ல். கிரீன் கப்பல் ஏறுவதற்கு முந்தின வருஷம். கிருமிகளை ஒழித்து ரணத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867-ல். வாந்திபேதிக் கிருமியைக் காக் கண்டறிந்து சொன்னபோது கிரீனின் ஆயுளே முடியும் தறுவாயில் இருந்தது. ஆகவே யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வாந்திபேதி தலைவிரித்து ஆடியபோது, எதிரி யார் என்றே தெரியாமல்தான் அவர் போராட வேண்டியிருந்தது.

அவருக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒரே ஒரு வெள்ளைக்கார டாக்டர் இரவு பகலாக ஓடினாலும் ஒரு ஜில்லாவைக் காப்பாற்ற முடியாது. கிராமத்துக்குக் கிராமம் வைத்தியர் வேண்டும்; அவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகளாக இருக்க வேண்டும். 1848-லேயே சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கொழும்பில் சர்க்கார் வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது 1870-ல். அதற்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே ஒரு கிராமத்தில் இந்தப் பள்ளி நடந்தது!

ஏன் தமிழில்?

ஆரம்பத்தில் பாடமெல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது. மாணவர்கள் கெட்டிக்காரர்கள், நன்றாகவே படித்துத் தேறினார்கள். தேறியதும் என்ன ஆயிற்று? இங்கிலீஷ் படித்த டாக்டருக்குச் சர்க்காரில் உத்தியோகம் காத்திருந்தது. மாதச் சம்பளமும் பட்டண வாசமும் யாருக்குத்தான் கசக்கும்? எந்தக் கிராமத்துக்காகப் படிக்க வைத்தாரோ, அந்தக் கிராமத்துக்கு டாக்டர் கிடைப்பது அரிதாகிவிட்டது.

இதைப் பார்த்த கிரீன் ஒரு முடிவுக்கு வந்தார். தமிழிலேயே வைத்தியம் படித்தவன் தன் ஊரிலேயே இருப்பான். தன் ஜனங்களுக்குப் புரியும் வார்த்தையில் பேசுவான் என்று திடமாக நம்பினார். தாயகம் சென்று, கலியாணமும் செய்துகொண்டு, 1862-ல் மனைவி மார்கரெட்டுடன் திரும்பி வந்த பிறகு, வகுப்பைத் தமிழிலேயே நடத்தத் தொடங்கினார். எல்லாருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. இங்கிலீஷ்தானே சோறு போடும்? ஆனாலும் அவர் பிடித்த பிடியை விடவில்லை. அவர் பயிற்றுவித்த வைத்தியர்கள் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழிலேயே படித்துத் தேறியவர்கள்.

தமிழில் படிப்பதென்றால் புத்தகம் வேண்டாமா? அதையும் உண்டாக்கினார். மாணவர்களையே கூட்டிக்கொண்டு மொழிபெயர்த்தார். டான்போர்த், சாப்மன் என்று அந்த மாணவர்களின் பெயர்கள் இருக்கும். துரைமார் என்று எண்ண வேண்டாம், அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள்தான். மிஷன் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, அவர்கள் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டுவது அந்நாளைய வழக்கம்.

வார்த்தைகளுக்கு என்ன செய்தார் என்பது சுவாரஸ்யமான விஷயம். முதலில் தமிழில் தேடுவார். கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம். அங்கும் இல்லையென்றால் இங்கிலீஷ் வார்த்தைக்கே தமிழ் வேஷ்டி கட்டிவிடுவார். ரசாயன நூலுக்கு அவர் இட்ட பெயர் "கெமிஸ்தம்"! சிரிப்பு வருகிறதா? ஆனால் அந்த நூல் வெளிவந்தது 1875-ல். வார்த்தை அகப்படவில்லை என்று அவர் வேலையை நிறுத்திவிட்டு உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். இப்படியாக நாலாயிரம் பக்கத்துக்கு மேல் வைத்தியத் தமிழ் அச்சேறியது. நம் நாட்டு மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றிய "இந்து பதார்த்த சாரம்" அவற்றில் ஒன்று.

இன்னொரு விந்தை: மாணவர்கள் கால்சட்டையும் கோட்டும் மாட்டிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. தமிழருடைய உடையிலேயே, தமிழர் போலவே இருக்க வேண்டும் என்பார்.

பெண்களின் பாடு

நம்மைப் போன்ற பெண்களுக்கு இந்த வரிசையில் முக்கியமான புத்தகம் 1857-ல் வந்த "பிரசவ வைத்தியம்". பிரசவ அறை என்பது ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாத இடமாக இருந்த காலம். அந்த அறைக்குள் நடப்பதைத் தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள அது வழி செய்தது. ஆனால் புத்தகம் இருந்தும், படித்த வைத்தியர்கள் எல்லாரும் ஆண்கள். பேறுகாலத்தில் உயிர் போனாலும் ஆண் டாக்டர் கை படக்கூடாது என்றிருந்த வீடுகளில் அந்தப் படிப்பு வாசற்படியோடு நின்றுவிட்டது.

அந்த வாசற்படியைத் தாண்டியவர் பண்டத்தரிப்பு ஸ்கடரின் பேத்தி ஐடா. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் மனைவியரைப் பார்க்கப் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டதும், ஐடாவின் தகப்பனார் டாக்டராக இருந்தும் ஆண் என்பதால் வேண்டாம் என்று மறுத்ததும், விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் மாண்டதும் உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. ஐடா 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, வேலூரில் தம் பணியைத் தொடங்கினார். மானிப்பாய்க்கு அருகே இணுவிலிலும் 1898-ல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்றே மக்லியாட் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. கிரீன் விட்ட இடத்திலிருந்து பெண்கள் தொடர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

இரண்டு சகோதரர்கள்

1873-ல் உடல் நலிந்து கிரீன் ஊர் திரும்பினார். ஓய்வு எடுத்துக்கொண்டாரா? இல்லை. வூஸ்டரில், பனி பெய்யும் ஊரில், வீட்டு மேஜையில் உட்கார்ந்து தமிழ்ப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். "மனுஷ சுகரணம்" 1883-ல் வந்தது. "இந்து பதார்த்த சாரம்" 1884-ல் வந்தது. அதே 1884-ம் வருஷம் மே மாதம் அவர் காலமானார்.

அவருடைய தமையனார் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் நியூயார்க் நகரத்தின் மகா புருஷர்களில் ஒருவர். அங்குள்ள புகழ்பெற்ற "சென்ட்ரல் பார்க்" உருவாகவும், 1898-ல் பல ஊர்கள் சேர்ந்து இன்றைய பெரு நகரமாகவும் காரணமாக இருந்தவர். அண்ணன் ஒரு மகா நகரத்தைக் கட்டினார். தம்பியோ, தம் கல்லறையில் தமிழர்களுக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று பொறித்தால் போதும் என்று எழுதி வைத்தார்.

மதம் பரப்பும் நோக்கத்தோடு வந்தவர்தானே என்று கேட்கலாம். உண்மைதான், அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் அவர் விட்டுப்போன நூல்கள் எந்த மதத்தாருக்கும் உரியவை. எலும்புக்கும் நரம்புக்கும் மதம் ஏது?

அவருக்குப் பின் தமிழ் வைத்திய வகுப்பு நீடிக்கவில்லை. இன்று யாழ்ப்பாணத்திலும் சரி, நம் சென்னையிலும் சரி, டாக்டர் படிப்பு இங்கிலீஷில்தான் நடக்கிறது. ஆதம்பாக்கத்துக் குடும்பத் தலைவி ஒருத்தி கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று மருந்துக் கடைப் பையனைக் கேட்கிறாள். தன் உடம்பைப் பற்றிய செய்தியைத் தன் பாஷையில் தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு என்று மானிப்பாயில் ஒருவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே நினைத்தார். நினைத்ததோடு நில்லாமல் செய்தும் காட்டினார்.

மானிப்பாயில் அவர் பெயரைத் தாங்கிய கிரீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி, 1983 முதல் 2009 வரை நடந்த யுத்தத்தில் மிகவும் நொடித்துப்போய், பிறகு கடல் கடந்து வாழும் தமிழர்களின் உதவியால் மறுபடியும் தலையெடுத்திருக்கிறது. கட்டடத்தைத் தமிழர் மீட்டுக்கொடுத்து விட்டார்கள். அந்த நாலாயிரம் பக்கங்களைத் தொடர்ந்து எழுத வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.