கோனாவின் காப்பித் தோட்டம்

பசிபிக் சமுத்திரத்தின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவில், கோனா என்னும் மலைச்சரிவில், உச்சிதா என்ற ஜப்பானியக் குடும்பத்தார் பயிரிட்டு வாழ்ந்த காப்பித் தோட்டத்தை, 1920 முதல் 1945 வரை அங்கு நிலவிய வாழ்க்கை முறை கண்முன் விளங்கும்படி, அவ்வூர்ச் சரித்திரச் சங்கத்தார் பராமரித்து வருகின்றனர். 1885 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்த் திரளாக வந்த ஜப்பானியருள் பலர், மேஸ்திரிகளின் அதட்டலினின்றும் விடுபட விரும்பி, 1899-இல் காப்பி விலை வீழ்ந்து பெருந்தோட்டங்கள் துண்டுபட்ட பின்னர், சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு உழைத்தனர்.

அங்கு விஜயம் செய்வோர் முதலில் காணவேண்டியது, என் அபிப்பிராயத்தில், குடியிருந்த வீடன்று. ஹோஷிதானா எனப்படும் உலர்த்தும் மேடையே. பழத்தின் தோலை உரித்து, ஊறவைத்துக் கழுவிய கொட்டைகளை அதன்மேல் பரப்பி, நீண்ட காம்புள்ள பலகையால் ஓயாமல் கிளறிவிடுவர். பிற்பகல் மழை அடிக்கடி எட்டிப்பார்க்கும் அப்பிரதேசத்தில், தூறல் விழுந்தபின் கொட்டைகளை வாரியெடுக்க அவகாசம் ஏது? ஆகவே கூரையையே தண்டவாளத்தின்மேல் உருளும்படி அமைத்து, மேகம் கறுத்தவுடன் தள்ளி மூடிவிட்டார்கள். மூட்டை சுமந்தவை கழுதைகள். அவற்றின் சாரீரத்தை வியந்து ‘கோனா நைட்டிங்கேல்’ என்று பட்டம் சூட்டியவர் பெரிய ரசிகராகத்தான் இருக்கவேண்டும்! பிள்ளைகளும் பழம் பறிக்க வேண்டியிருந்தமையால், பள்ளிகளின் நெடிய விடுமுறையையே அறுவடைக் காலத்துக்கு மாற்றிவைத்தனர். பிள்ளைகளுக்கு அது விடுமுறைதானா என்பது வேறு விஷயம்.