தொடைக் கட்டியும் சுவாசப் பையும்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியில் நிலக்கடலையும் வெங்காயமும் விளைவிக்கும் குடியானவர் ஒருவருக்குத் தொடையில் கட்டி தோன்றுகிறதென்று வைத்துக்கொள்வோம். நோவு இல்லை, ஜுரம் இல்லை, மண்வெட்டி பிடிப்பதற்கும் இடைஞ்சல் இல்லை. உருவி விடுவோரும் ஒத்தடம் கொடுப்போரும் ஊரில் இருக்கவே இருக்கிறார்கள். எலுமிச்சம்பழமளவு இருந்தது சில மாதங்களில் தேங்காயளவு ஆகிறது. பிறகு இருமல் காண்கிறது. தொடையில் தோன்றிய வியாதிக்கு மார்பில் என்ன வேலை என்று வீட்டார் திகைக்கின்றனர்.

இவ்வியாதிக்கு 'ஸார்கோமா' என்று பெயர். தசை, கொழுப்பு முதலிய மெல்லிய திசுக்களில் பிறக்கும் புற்று நோய் இது. பெரியவர்களுக்கு வரும் புற்று நோய்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவே ஆனபடியால், ஜனங்கள் மட்டுமன்று, வைத்தியர்களிலும் பலர் இதை நேரிற் கண்டதில்லை. வாயிலும் மார்பகத்திலும் உண்டாகும் புற்று பெரும்பாலும் முதலில் அருகிலுள்ள நிணக் கணுக்களை நாடும். ஸார்கோமாவில் சில வகைகளே அவ்வழி செல்வன. மற்றவற்றுக்கு ராஜபாட்டை இரத்தமே. கட்டியினின்று கழன்ற ஜீவ அணுக்கள் சிறு இரத்தக் குழாய்களின் சுவரைத் துளைத்துப் புகுந்து, தொடையின் பெருங்குழாய் வழியே மேலேறி, இருதயத்தின் வலப்பாகத்தை அடைந்து, அங்கிருந்து சுவாசப் பைகளுக்குள் தள்ளப்படுகின்றன. மயிரினும் நுண்ணிய குழாய்களாலான முதற் சல்லடை அங்கேதான் இருக்கிறது.

சல்லடையில் சிக்கிய அணுக்களெல்லாம் முளைப்பதில்லை. பெரும்பாலானவை வழியிலேயே மடிகின்றன. 1889-ல் ஸ்டீபன் பாஜெட் என்ற ஆங்கில வைத்தியர், மார்பகப் புற்றால் மாண்ட 735 பேரின் விவரங்களை ஆராய்ந்து, விதை எங்கும் சிதறினாலும் ஏற்ற நிலத்திலேயே வேரூன்றும் என்ற அபிப்பிராயத்தை வெளியிட்டார். சிறுமலை வாழைக் கன்றைக் கீழே சமவெளியில் நட்டால் அதே பழம் கிட்டாதென்பதை நம் குடியானவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொழுப்பில் பிறக்கும் ஸார்கோமாவில் ஒரு வகை, சுவாசப் பையை விட்டு முதுகெலும்பிலும் வேறிடத்துக் கொழுப்பிலும் குடியேறுவதுண்டு. சல்லடை மாத்திரம் காரணமாயின் இது நேராது.

நம்மை அதிகம் கவலைக்குள்ளாக்குவது மற்றொரு விஷயம். 'வெறும் கொழுப்புக் கட்டி' என்று எண்ணி, முன் பரிசோதனையின்றி அறுத்தெறிவது இன்றும் நடக்கிறது. சாட்சியை விசாரியாமலே தீர்ப்பெழுதும் நியாயாதிபதியை நாம் சும்மா விடுவோமா? அவ்விதம் அறுத்தால் எஞ்சிய அணுக்கள் சுற்றுப்புறத் திசுக்களில் சிதறக்கூடும். பின்னர் செய்யும் ரண சிகிச்சை பெரிதாகும். 5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, ஆழத்தில் அமைந்த கட்டி, நாளுக்கு நாள் வளரும் கட்டி, இவற்றில் எதுவாயினும், நோவில்லாவிடினும், முதலில் படம் எடுத்து, ஊசியால் சிறு துணுக்கெடுத்துச் சோதிக்க வேண்டும். ஸார்கோமா என்று தெரிந்தால் மார்பையும் சி.டி. படம் எடுத்தல் அவசியம். சுவாசப் பையில் ஓரிரண்டு புள்ளிகளே இருக்குமாயின், அவற்றையும் அறுத்தெடுத்துப் பல்லாண்டு வாழ்ந்தவர்கள் உண்டு.

டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்று நோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2022-ல் திண்டுக்கல்லுக்கே அரசாங்க வைத்தியக் கல்லூரி வந்துவிட்டது. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியும் தொலைவிலில்லை. ஆயினும் குடியானவர் முதலிற் போவது தம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்கே. கத்தியை எடுக்குமுன் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமென்ற உத்தரவு அங்கே சுவரில் எழுதித் தொங்க வேண்டும்.