தின்றும் மெலியும் தொட்டி மீன்கள்

உணவு தூவியதும் தொட்டியிலுள்ள மீன்கள் எல்லாம் மேலே வருகின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போலவே தின்றாலும் நாளுக்கு நாள் மெலிகிறது. வயிறு ஒட்டிப்போய், முதுகு கத்தி முனைபோல் கூர்மையாகிறது. உடனே கடைக்கு ஓடி, கையில் கிடைத்த மருந்தை வாங்கித் தண்ணீரில் கலப்பவர்கள் பலர். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: மீனின் வயிறு, அதன் கழிவு. எந்த மருந்து தேவை, மருந்து தேவையா என்பதற்கே அங்கு குறிப்பு கிடைக்கும்.

வயிறு உப்பியிருந்தால்

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராக நீண்ட குடலுக்குள் போகிறது. ஒரே வேளையில் காய்ந்த உணவை அள்ளிப் போட்டால் மலச்சிக்கல் வரலாம். வயிறு உப்பி, மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதக்கும். இதற்கு முதல் சிகிச்சை 2 அல்லது 3 நாள் பட்டினி. பிறகு, வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியைச் சிறு துண்டாகக் கொடுக்கலாம். சண்டை மீன் புழு பூச்சிகளைத் தின்னும் இனம். அதற்குப் பட்டாணியைவிட டாஃப்னியா போன்ற சிறு நீர்ப்பூச்சிகளே ஏற்றவை.

வயிறு வீங்கி, செதில்களும் அன்னாசிப் பழத்தோல்போல் தூக்கி நின்றால் அது மலச்சிக்கல் அன்று. உடலுக்குள் நீர் தேங்கியிருப்பதன் அடையாளம் அது. பட்டாணி அங்கு உதவாது.

கழிவு வெள்ளையாக இருந்தால்

டிஸ்கஸ், ஏஞ்சல் மீன்களின் குடலில் சாட்டை போன்ற இழைகளால் நீந்தும் ஓரணு உயிரிகள் வாழ்வதுண்டு. நெரிசல், அசுத்தமான நீர், பயணக் களைப்பு ஆகியவற்றால் மீன் பலவீனமடையும்போது அவை பெருகும். கழிவு வெண்மையான, வழுவழுப்பான நூலாகத் தொங்கும். மீன் மெலியும். இவற்றைக் கொல்லும் மருந்து மெட்ரோனிடசோல். குடலைச் சென்றடைய வேண்டும் என்பதால் அதை உணவில் கலந்து கொடுப்பதே நல்லது. மீன் தின்பதை நிறுத்திவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆனால், பட்டினி கிடக்கும் மீனும் வெள்ளைக் கழிவு விடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

சிவப்பு நூல் தெரிந்தால்

கப்பி மீன் அசையாமல் நிற்கும்போது அதன் கழிவுத் துளையில் சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டு தெரிந்தால் அது கமலானஸ் புழு. குடல் சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் இதற்கு மெட்ரோனிடசோல் பலிக்காது. லெவமிசோல் மருந்து புழுவைச் செயலிழக்கச் செய்யும். மீன் அதை வெளியேற்றிவிடும். வேலை அதோடு முடிவதில்லை. வெளியேறிய புழுக்களையும் குஞ்சுகளையும் வேறு மீன்கள் தின்னாமல் இருக்க, தொட்டியின் அடிப்பகுதியை உறிஞ்சிச் சுத்தம் செய்ய வேண்டும். 2 முதல் 3 வாரம் கழித்து மீண்டும் மருந்து கொடுக்க வேண்டும். நன்றாகத் தெரியும் மீன்களுக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை.

கைக்கும் ஆபத்து

மருந்து எதுவும் பலிக்காமல், மாதக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக மீன்கள் மெலிந்து, முதுகெலும்பு வளைந்து, புண்ணும் வந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். ஆய்வுக்கூடச் சோதனையால்தான் உறுதிசெய்ய முடியும். மீன்களுக்கு இதற்கு நம்பகமான சிகிச்சை இல்லை.

இதை உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றான மைக்கோபாக்டீரியம் மரினம், 1926ல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் இறந்த கடல்மீன்களில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. கையிலுள்ள சிறு வெட்டுக்காயம் வழியாக அது மனிதருக்கும் தொற்றும். ஏறக்குறைய 30 பாகை செல்சியசில் நன்கு வளர்வதால், உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ச்சியான கை, விரல் தோலிலேயே பெரும்பாலும் தங்கும். நுரையீரல் காசநோயைப்போல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. ஆனால், சில வாரங்கள் கழித்தே கட்டி தோன்றுவதால் பலருக்கு மீன் தொட்டி நினைவுக்கு வருவதில்லை. ஆறாத கட்டியோ புண்ணோ இருந்தால், மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உட்கொள்ள நேரலாம்.

புதிய மீனை 4 வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். காயம் இருந்தால் கையுறை அணியுங்கள். தண்ணீர் மாற்றும்போது குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். நோயுற்ற மீனைக் கால்வாயிலோ ஆற்றிலோ விட்டுவிடவும் வேண்டாம்.