குகை புகுவோரும் வாயில் நிற்போரும்

மலையேறுபவன் தான் அடையவேண்டிய உச்சியை ஏறத் தொடங்குமுன்னரே கண்ணாற் காண்கின்றான். அதன் உயரமும் அளந்தறியப்பட்டிருக்கும். நிலத்தடிக் குகையுட் செல்பவனுக்கு இவ்விரண்டும் இல்லை. வழி எங்கே முடியும், முடியுமிடத்தில் இருப்பது நீரா, சேறா, வெறும் பாறையா என்பவற்றை அவன் சென்றே அறிதல் வேண்டும். இவ்வாறு சென்றறியும் பணியை ஊதியங் கருதாது ஓய்வு நாட்களிற் செய்துவரும் கழகங்கள் இங்கிலாந்தின் வடபாலுள்ள யோக்சயரிற் பல உள. அவர்தம் முயற்சிகளுட் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகின்றது. சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடே இறங்கும் அவ்வமிலம் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, முதலிற் கீற்றாகவும் பின்னர்க் குழாயாகவும் ஈற்றில் மண்டபமாகவும் வழி செய்கின்றது. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. வற்றாத ஆறொன்றுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைநீர் நிலத்தடியிற் சேர்ந்து நிற்பதும், புத்தூர் நிலாவரைக் கிணற்றின் ஆழமும் இவ்வினையின் பயனே. ஆனால் நம் சுண்ணக்கல் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடப்பது. அதன் பொந்துகளில் நீர் நிறைந்துள்ளது. யோக்சயரிலோ முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையான சுண்ணக்கற்படை மேடாக உயர்ந்து நிற்கின்றது. நீர் தாழ்ந்த வாயில்களால் வெளியேறிவிட, அது முன்பு ஓடிய பாதைகள் வெறிதாய் எஞ்சின. அப்பாதைகளிலேதான் மனிதர் நடக்கவும் தவழவும் இயல்கின்றது.

அந்நாட்டுக் குகைகளுட் புகழ்மிக்கது இங்கிள்பரோ மலைச்சரிவிலுள்ள கேப்பிங் கில். பெல் பெக் என்னும் ஓடை, நீர் ஊறாத பாறைமீது ஓடிவந்து, சுண்ணக்கல்லை அடைந்ததும் செங்குத்தான குழியொன்றினுள்ளே ஏறக்குறைய 100 மீற்றர் ஆழத்துக்கு வீழ்கின்றது. குழியின் அடியில் 130 மீற்றர் அளவு நீளமும் 30 மீற்றர் அளவு உயரமுமுள்ள மண்டபம் ஒன்று உளது. 1842 ஆம் ஆண்டில் ஜோன் பேர்க்பெக் என்பார் ஓடையைக் கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டுக் கயிற்றின் துணையால் இறங்கினார். பாதி ஆழத்துக்குச் சற்றுக் கீழேயுள்ள ஒரு பாறை விளிம்புவரை அவராற் செல்ல முடிந்தது. அவ்விளிம்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதன்பின் அரைநூற்றாண்டு எவரும் அதனைக் கடந்திலர்.

1892 இல் லீட்சு நகரில் யோக்சயர் றாம்பிளர்சு கழகம் தோன்றியது. அதன் உறுப்பினரான எட்வேட் கல்வேட் இக்குழியில் இறங்க ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தார். அதற்கிடையில், 1895 ஓகத்து 1 ஆந் தேதி, பிரான்சு நாட்டு வழக்கறிஞரும் குகையாராய்ச்சியாளருமான எட்வேட் அல்பிரெட் மார்ட்டெல் நூலேணியும் தொலைபேசியுங் கொண்டு வந்து, அடிவரை இறங்கி மீண்டார். தம் வீட்டு முற்றத்திலுள்ள குழியின் அடியை அயலார் ஒருவர் முதலில் மிதித்தது யோக்சயர்க்காரருக்கு எத்தகைய மனக்குறையாயிருந்திருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. எனினும் அக்குறை பகையாக வளரவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்திற் கல்வேட்டும் தோழரும் சுழலுருளை அமைத்து இறங்கினர். மார்ட்டெல் ஒருமுறை வந்து சென்றார். கழகத்தாரோ மீண்டும் மீண்டும் இறங்கினர், கிளைவழிகளைத் தேடினர், அளந்து படம் வரைந்தனர். உள்ளூர்க் கழகம் ஒன்றின் சிறப்பு இவ்விடத்திலேதான் உளது என்பது என் கருத்து. முதல் வருகை ஒரு நாளில் முடிவது. ஒரு குகையை அறிதற்குத் தலைமுறைகள் வேண்டும்.

குகையில் இறங்கும் முறையையும் சிறிது கூறல் வேண்டும். பழைய நாளில் கயிற்றாலும் மரப்படிகளாலும் ஆன ஏணிகள் பயன்பட்டன. அவை நனைந்தால் மிகுந்த பாரமாகும். பின்னர் மெல்லிய உருக்குக் கம்பியும் அலுமினியப் படிகளுமுள்ள ஏணி வந்தது. இக்காலத்தில் ஒற்றை நைலோன் கயிற்றிலே பற்றுக்கருவிகளைப் பூட்டி ஏறி இறங்குகின்றனர். ஏணிக் காலத்தில் ஏறுபவனது இடையிற் காப்புக்கயிறு ஒன்று கட்டப்பட்டிருக்கும். அதன் மறுமுனை மேலே நிற்பவன் கையில். அருவியின் இரைச்சலிற் குரல் கேளாதாகையால் ஊதுகுழல் கொண்டு பேசினர்: ஓர் ஊதல் ‘நில்’, இரண்டு ‘மேலே இழு’, மூன்று ‘கீழே விடு’. மேலே நின்றவன் மணிக்கணக்காகக் குளிரில் நனைந்துகொண்டு, தான் காணாத ஒருவனுடைய உயிரைக் கையிற் பிடித்திருந்தான். குகைக்குள்ளே புதிதாக எதனையுங் கண்டவன் அவனல்லன். அறிக்கைகளில் அவன் பெயர் பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடும்.

1929 இற் கிரேவன் பொத்தோல் கழகமும் 1933 இற் பிராட்போட் பொத்தோல் கழகமும் தோன்றின. இவையிரண்டும் கேப்பிங் கில் வாயிலில் மேடை கட்டி, இயந்திர உருளையால் பொதுமக்களையும் இறக்கி ஏற்றும் வழக்கத்தை மேற்கொண்டன. பிராட்போட் கழகத்தார் மே மாத இறுதியிலும் கிரேவன் கழகத்தார் ஓகத்திலும் இதனைச் செய்வர். உறுப்பினர் ஓடையை அணைகட்டித் திருப்பி, நாள்முழுதும் முறைவைத்து இயந்திரத்தருகே நிற்பர். நாற்காலியில் அமர்ந்தவர் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அடியைச் சேர்வர். இறங்குவது இலவசம், ஏறுவதற்கே கட்டணம் என்பது அங்கு வழங்கும் நகைச்சுவை.

கேப்பிங் கில்லில் வீழும் நீர் எங்கே செல்கின்றது என்பது நெடுநாளைய வினா. 1900 ஆம் ஆண்டளவிற் புவிச்சரிதவியலாளர் அந்நீரில் இரசாயனப் பொருளை இட்டுச் சோதித்து, அது மலையடியில் இங்கிள்பரோக் குகையின் அருகே வெளிப்படுகின்றதெனக் காட்டினர். நீர் சென்ற வழியால் மனிதன் செல்வதற்கு மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பலர் சேறகழ்ந்தனர், பலர் நீர் நிரம்பிய சுரங்கங்களில் மூழ்கித் தேடினர். 1983 மே மாதத்திலே ஜெப் யீடன், ஜெப் குரொஸ்லி என்னும் நீர்மூழ்கிகள் இருவர் ஒரு குகையிலிருந்து மற்றதனுட் கடந்தனர். அவர்கள் கடந்த இறுதித் துண்டு சிறியது. அதற்கு முன்னுள்ள வழியெல்லாம் பிறர் திறந்தவை.

உள்ளூரிற் பயின்றோர் அயல்நாடு செல்வதும் உண்டு. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகக் குகைக் கழக மாணவர் யோக்சயரில் வார இறுதிகளிற் பயின்று, 1976 முதல் ஓசுத்திரியாவின் லோசர் மலைமேட்டுக்குக் கோடைகாலப் பயணஞ் செய்துவருகின்றனர். அம்மேட்டிற் குடிக்க ஓடைநீர் இல்லை. மழையனைத்தும் கல்லினுள்ளே போய்விடுகின்றது. ஆகவே மாணவர் பனியை உருக்கியும் மழைநீரைச் சேர்த்தும் பருகுகின்றனர். நீரின் வழியைத் தேடிச் சென்றவர் நீருக்கே இடர்ப்படுவது விந்தையே. ஓர் ஆண்டு மாணவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆண்டு மாணவர் தொடர்வர். முன்னவர் பட்டம் பெற்றுப் போய்விட்டமையால், அவர் வரைந்த படமும் எழுதிய குறிப்புமே பின்னவருக்கு ஆசிரியர். திசைகாட்டியும் சாய்வுமானியும் அளவுநாடாவுங் கொண்டு சேற்றிற் கிடந்து குறிக்கும் எண்களிற் பிழை நேர்ந்தால், அடுத்த குழுவினர் இல்லாத வழியைத் தேடி அலைய நேரும்.

இம்முயற்சியின் கொடிய பக்கத்தை மறைத்தலாகாது. 1967 யூன் 24 ஆந் தேதி, கிராசிங்டனுக்கு அண்மையிலுள்ள மொசுடேல் குகையினுள் இளைஞர் பதின்மர் சென்றனர். நால்வர் முன்னதாக வெளியே வந்தனர். பின்னர் மழை கடுமையாகப் பெய்து ஓடை பெருகியது. வெளிவந்தோருள் ஒரு பெண் மீண்டும் வந்து பார்த்தபோது குகைவாயில் நீருள் மூழ்கியிருந்தது. அவர் மலைவெளியினூடே ஓடிச்சென்று உதவி வேண்டினார். மீட்போர் ஓடையைத் திருப்பக் கால்வாய் வெட்டினர், அணை கட்டினர், இரவு பகலாக உழைத்தனர். உள்ளே நின்ற அறுவரும், 17 முதல் 26 வயதினர், உயிர் துறந்தனர். அவர்தம் உடல்களை வெளியே கொணர்தல் மீட்போருக்கும் ஆபத்தாகுமென்று கருதி, குகையினுள்ளேயே விட்டனர். 1971 இல் தோழர்கள் மீண்டும் சென்று, வெள்ளம் எட்டாத உயர்ந்த இடமொன்றில் அவ்வுடல்களை அடக்கஞ் செய்தனர்.

மொசுடேலுக்கு விரைந்தோருட் குகை மீட்புக் கழகத்தாரும் இருந்தனர். 1935 இல் அமைந்த இக்கழகமே இத்துறையில் உலகின் முதலாவதென்பர். கிளாப்பம் என்னும் சிற்றூரில் நிலைகொண்டுள்ள அதன் உறுப்பினர் அனைவரும் தொண்டர்கள். தாமும் குகை புகுபவர்கள். குழியில் வீழ்ந்த ஆட்டை மீட்கவும் உழவர் இவர்களை அழைப்பதுண்டு.

யோக்சயர்க் கழகத்தாரிடம் வழக்கமொன்று உண்டு. குகையுட் செல்லுமுன் எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவர் என்பவற்றை வெளியே ஒருவரிடம் சொல்லிச் செல்வர். குறித்த நேரங் கடந்தால் அவர் மீட்புக் கழகத்தை அழைக்கும்படி காவல்துறையை வேண்டுவார். வெளியே வந்தவர் சேற்றைக் கழுவுமுன்னர்ச் செய்யும் முதல் வேலை, தாம் வந்துவிட்டதாக அவருக்கு அறிவிப்பதே.