சேர்ந்து பாடுவதற்கென்றே ஒரு பாட்டு

பாட்டின் ஒரு துண்டு ஒலிக்கும். தெரிந்த பாட்டு என்றால் உடனே பொத்தானை அழுத்த வேண்டும். மான்செஸ்டரில் உள்ள அறிவியல், தொழில் அருங்காட்சியகமும் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இசை ஆய்வாளர் ஆஷ்லி பர்கோய்னும் சேர்ந்து இணையத்தில் நடத்திய விளையாட்டு இது. 1940-களிலிருந்து அமோகமாக விற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். கேட்டவர்கள் 12,000-க்கும் அதிகம். ஒரு பாட்டை இனங்காணச் சராசரியாக 5 நொடி ஆனது. 2014-இல் வெளியான முடிவில் முதலிடம் பிடித்த பாட்டுக்கோ 2.29 நொடியே போதுமானதாக இருந்தது. அது ஸ்பைஸ் கேர்ள்ஸ் குழுவின் 'வான்னபி'.

1996 ஜூலையில் பிரிட்டனில் வெளிவந்த இந்தப் பாட்டு, அங்கே ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் முதலிடத்தைத் தொட்டது. என்னைக் காதலிக்க வருகிறவன் முதலில் என் தோழிகளோடு ஒத்துப்போகட்டும் என்று ஐந்து இளம்பெண்கள் துள்ளலோடு நிபந்தனை போடுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய பெண்ணுரிமை முழக்கத்தை வெறும் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்கியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். தந்திரம் ஒரு பருவத்துக்குத் தாங்கும். இத்தனை ஆண்டுகள் தாங்காது என்பதே என் எண்ணம்.

காரணத்தைப் பாட்டின் கட்டுமானத்திலேயே தேட வேண்டும். ஒருத்தி கேட்க, இன்னொருத்தி பதில் சொல்ல, பிறகு எல்லோரும் சேர்ந்து முழங்குகிறார்கள். சில பகுதிகள் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்பவை. நடுவே பொருளே இல்லாத ஒரு புனைசொல்லும் வருகிறது. பெரிய குரல்வளமோ சுருதி ஞானமோ இல்லாதவரும் கூச்சப்படாமல் நுழைந்துகொள்ளலாம். கூட்டமாகப் பாடும்போதுதான் இந்தப் பாட்டு நிறைவடைகிறது.

கூடிப் பாடினால் உடலுக்குள் என்ன நடக்கிறது? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் இதற்கு ஒரு கருத்தை முன்வைக்கிறார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவை வளர்க்கின்றன. அந்தத் தொடுகையில் என்டார்ஃபின் என்ற இயற்கை வலிநிவாரணி மூளையில் சுரக்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு குரங்குக்குத்தான் பேன் பார்க்க முடியும். பெருங்கூட்டமாக வாழத் தொடங்கிய மனிதருக்கு, ஒரே சமயத்தில் பலரைத் தொடும் வழி தேவைப்பட்டது. சிரிப்பும் ஆட்டமும் பாட்டும் அந்த வழிகள் என்கிறார் அவர்.

மூளையில் சுரக்கும் என்டார்ஃபினை நேரடியாக அளப்பது கடினம். அதனால் ஆய்வாளர்கள் வலியைத் தாங்கும் திறனை அளக்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, எவ்வளவு இறுக்கம் வரை பொறுக்க முடிகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். லண்டனில் ஒரு சேர்ந்திசை அமைப்பினரிடம் இப்படிச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளியானது. பாடி முடித்ததும் தாங்கும் திறன் கூடியிருந்தது, நெருக்க உணர்வும் கூடியிருந்தது. ஒருவரையொருவர் அதிகம் அறியாத 232 பேர் ஒன்றாகப் பாடியபோது, சிறு குழுக்களைவிட நெருக்க உணர்வு கூடுதலாகவே உயர்ந்தது.

ஐலுனெட் பியர்ஸ், டன்பார் உள்ளிட்டோரின் 2015 ஆய்வு இதைவிட எனக்குப் பிடித்தது. முதியோர் கல்வி வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். சிலர் பாட்டு கற்றார்கள், மற்றவர்கள் கைவினையோ படைப்பெழுத்தோ கற்றார்கள். ஏழாம் மாதத்தில் எல்லா வகுப்புகளிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் பாடியவர்கள் தொடக்கத்திலேயே, மற்றவர்களைவிட வேகமாக ஒட்டிக்கொண்டார்கள். ஆழமான நட்புக்குக் காலமும் பேச்சும் வேண்டும். முதல் தயக்கத்தை உடைக்கப் பாட்டு போதும்.

'வான்னபி' இன்றும் நிலைத்திருக்க இளமைக்கால ஏக்கம்தான் காரணம் என்று சொல்பவர்களுக்கும் ஓரளவு நியாயம் உண்டு. பத்து வயது முதல் முப்பது வரை பதிந்த நினைவுகளே பிற்காலத்தில் அதிகம் மேலெழுகின்றன. இசைக்கும் இது பொருந்தும். ஆனால் 1996-இல் பிறந்திராதவர்களும் இதைப் பாடுகிறார்களே! 2016-இல் ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளைப் பரப்பும் இயக்கம் இதே பாட்டை எடுத்து, பெண்கல்வி, சம ஊதியம், வன்முறை ஒழிப்பு ஆகிய கோரிக்கைகளோடு புதுக் காணொளி ஆக்கியது. பல நாட்டுப் பெண்களோடு இந்தித் திரை நடிகை ஜாக்குலின் பெர்னாண்டஸும் அதில் ஆடினார். கோரிக்கை புதிது, கூடி நிற்கும் வடிவம் பழையது.

அந்த வடிவம் எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டிருக்கிறது என்பதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரா சிரெல்லியும் லாரல் டிரெய்னரும் 14 மாதக் குழந்தைகளிடம் கண்டார்கள். இசைக்கு ஏற்பக் குழந்தையை ஒருவர் ஏந்திக் குலுக்க, எதிரே இன்னொருவர் அதே தாளத்தில் முழங்காலை மடக்கி ஆடினார். பிறகு எதிரே ஆடியவர் கைதவறிப் பொருளைக் கீழே போட்டபோது, தாளம் பிசகி ஆடிய சோதனைகளில் இருந்ததைவிடக் குழந்தைகள் அதிகமாக எடுத்துக் கொடுத்தன. 2016-இல் அடுத்த படியாக, அந்த ஆட்டக்காரருக்குத் தோழி ஒருத்தி இருப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். உடன் ஆடியவரின் தோழிக்கும் குழந்தைகள் உதவின. தொடர்பில்லாத அந்நியருக்கு அந்தக் கூடுதல் உதவி கிடைக்கவில்லை.